வாள் ஏந்திய துறவிகளும் கற்பு வார்த்தைப்பாடும்

சிலுவைப்போர் காலத்து டெம்ப்ளர் போன்ற வீரத்துறவிகள் உண்மையிலேயே பிரம்மச்சரியம் காத்தார்களா, வாளெடுத்துச் சண்டையிடும் ஒருவனிடம் அப்படியொரு வாக்கு வாங்க வேண்டிய தேவை என்ன, மீறியவனை என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கு உடலின்பத்தைத் துறப்பதோடு முடிவதில்லை. அதைக் கொடுத்தவன் யாருக்கும் கணவன் இல்லை, யாருக்கும் தகப்பன் இல்லை, அவன் விட்டுச்செல்லும் எதற்கும் வாரிசு இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தச் சபைகளின் விதிகளில் விசித்திரமாகத் தோன்றும் பலவும் தெளிவாகிவிடும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. துறவற சபையில் சேர்பவர் கொடுக்கும் வாக்கைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘வார்த்தைப்பாடு’ என்பார்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என அது மூன்று. இங்கே ‘கற்பு’ என்ற சொல் துறவியின் பிரம்மச்சரியத்தைக் குறிக்கிறது. ஆனால் நம் பழைய அகப்பொருள் இலக்கணத்தில் களவுக்கு அடுத்து வரும் கற்பு, மணம் முடித்து நடத்தும் இல்லறம். துறவுக்கும் இல்லறத்துக்கும் ஒரே சொல்லா என்று தடுமாற வேண்டாம். லத்தீனில் இதற்கு இணையான ‘காஸ்டிடாஸ்’ என்ற சொல்லுக்கும் இந்த இரட்டை முகம் உண்டு. அந்த இரட்டை முகத்தின் மேல்தான் ஸ்பெயினில் ஒரு முழுச் சபையே எழுந்து நின்றது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1119 அல்லது 1120இல் ஜெருசலேமில் ஹியூ தெ பயான் என்ற பிரெஞ்சு வீரரும் அவருடைய தோழர்கள் சிலரும் நகரின் மறைமுதுவர், அதாவது அங்கிருந்த திருச்சபையின் தலைவர், முன்னிலையில் மூன்று வாக்குகளையும் கொடுத்தார்கள். யாத்திரிகர்களுக்கு வழித்துணையாக இருந்து பாதுகாப்பது அவர்கள் ஏற்ற பணி. அரசர் இரண்டாம் பால்ட்வின் தம் அரண்மனையாக இருந்த அல் அக்ஸா மசூதியின் ஒரு பகுதியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதைச் சாலமோனின் ஆலயம் என்று ஐரோப்பியர்கள் அழைத்ததால் இவர்களுக்கு டெம்ப்ளர் என்ற பெயர் நிலைத்தது. 1129 ஜனவரியில் பிரான்சின் த்ருவா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இவர்களுக்கு எழுத்து வடிவில் ஒழுங்குவிதிகளை வகுத்தது. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் கிளேர்வோ மடத்து அதிபர் புனித பெர்னார்து.

இதில் எது புதுமை என்று இன்று நமக்குச் சட்டென்று உறைக்காது. மடத்தில் இருக்கும் துறவி மணம் செய்யாமல் இருப்பது பழைய செய்தி. ஆனால் டெம்ப்ளர்களில் மிகப் பெரும்பாலோர் குருக்கள் அல்லர். திருப்பலி நிறைவேற்ற அதிகாரம் இல்லாத பொதுநிலையினர், பலருக்கு லத்தீன் படிக்கவும் தெரியாது. கொலைத்தொழில் புரிபவன் துறவியாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. அதே ஆண்டுகளில் திருச்சபை குருக்களின் திருமணத்துக்கு எதிராகக் கடுமையாகப் போராடிக்கொண்டிருந்தது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்களும் வார்த்தைப்பாடு கொடுத்த துறவியரும் செய்துகொள்ளும் திருமணம் திருமணமே ஆகாது என்று தீர்த்துச் சொன்னது. ஆக, வாளேந்தியவன் தன்னைத் துறவி என்று உலகுக்கு நிரூபிக்க அந்தக் காலத்தில் கையில் இருந்த மிகத் தெளிவான அடையாளம் கற்பு வார்த்தைப்பாடு. பெர்னார்தும் இவர்களைப் புகழ்ந்து எழுதியபோது மனைவி மக்கள் இல்லாமல் ஒரே குடும்பம்போல் வாழ்கிறார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். பட்டு உடுத்து, நீண்ட கூந்தல் வளர்த்து, பெயருக்காகச் சண்டையிடும் உலகியல் வீரனுக்கு எதிராக அவர் நிறுத்தியது இந்த மனிதனை.

விதிகளைப் படித்தால் அவற்றின் நுணுக்கம் வியக்க வைக்கும். வார்த்தைப்பாடு கொடுத்த வீரன் மட்டும் வெள்ளை மேலங்கி அணியலாம். வெண்மை கற்பின் அடையாளம் என்று விதியே காரணம் சொல்கிறது. (நாம் படங்களில் பார்க்கும் சிவப்புச் சிலுவை பிறகு, 1147 வாக்கில், திருத்தந்தை மூன்றாம் யூஜின் காலத்தில் சேர்ந்தது.) இரவில் சட்டையும் கால்சராயும் அணிந்து, இடைவார் கட்டியபடியே தூங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை. படுக்கையறையில் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். எந்தப் பெண்ணையும் முத்தமிடக் கூடாது. தாய், அக்காள், தங்கை, அத்தை எவரும் இதற்கு விலக்கல்லர். பெண்ணின் முகத்தை அதிகம் பார்ப்பதே ஆபத்து என்கிறது ஒரு விதி.

இவற்றுக்கு நடுவே இருக்கும் ஒரு தடையைப் பலர் கவனிப்பதில்லை. டெம்ப்ளர் எந்தக் குழந்தைக்கும் ஞானத்தந்தையாக நிற்கக் கூடாது. இதில் உடலின்பம் எங்கே வருகிறது? எங்கும் இல்லை. ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்துபவன் அந்தக் குடும்பத்துக்கு உறவினன் ஆகிவிடுகிறான். நாளை அந்தப் பையனுக்கு ஒரு வழக்கு வந்தால், ஒரு நிலத்தகராறு வந்தால், ஞானத்தந்தை எந்தப் பக்கம் நிற்பான்? விதி எழுதியவர்கள் அடைக்க நினைத்த வாசல் அதுதான். தாயை முத்தமிடாதே என்ற விதியையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். அதில் பெண்ணைப் பற்றிய அச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு, நீ பிறந்த வீட்டுக்கு இனி நீ பிள்ளை இல்லை என்ற அறிவிப்பும் இருக்கிறது.

சபையில் சேரும் சடங்கிலும் இதே அக்கறை தெரிகிறது. புதியவனிடம் சில கேள்விகள் கேட்பார்கள். உனக்கு மனைவியோ நிச்சயித்த பெண்ணோ இருக்கிறாளா? வேறு சபையில் வாக்குக் கொடுத்திருக்கிறாயா? தீர்க்க முடியாத கடன் இருக்கிறதா? மறைத்து வைத்த நோய் உண்டா? நீ யாருக்காவது அடிமையா? எல்லாக் கேள்விகளின் நோக்கமும் ஒன்றுதான்: உன்மேல் உரிமை கொண்டாட வெளியே எவராவது இருக்கிறாரா? மனைவி இருப்பதை மறைத்துச் சேர்ந்து பின்னால் அவள் தேடி வந்தால், அங்கியைக் களைந்து அவனை அவளிடமே ஒப்படைத்துவிடுவார்கள். மனைவியின் உரிமையைத் திருச்சபைச் சட்டம் அந்த அளவுக்கு மதித்தது. கணவன் தன் விருப்பப்படி வீட்டை விட்டுத் துறவியாகிவிட முடியாது. மனைவியின் சம்மதம் கட்டாயம்.

திருமணமானவர்களுக்கு டெம்ப்ளர் சபை கதவை முழுவதும் சாத்திவிடவும் இல்லை. தம்பதியர் இணைந்த உறுப்பினர்களாகச் சேரலாம்; ஆனால் வெள்ளை மேலங்கி கிடையாது, துறவிகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. கணவன் முதலில் இறந்தால் சொத்தில் ஒரு பங்கு சபைக்கு, மீதி மனைவியின் வாழ்வாதாரத்துக்கு. பெண்களைச் சகோதரிகளாகச் சேர்ப்பதை விதி வெளிப்படையாகத் தடை செய்தது. ஆனால் 1198இல் கட்டலோனியாவின் ரூரெல் மடத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எர்மென்கார்டா என்ற பெண். கணவரோடு சபையில் சேர்ந்தவர் அவர். ஏட்டில் இருந்த தடைக்கும் ஊரில் நடந்ததற்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது.

இப்போது தண்டனைக்கு வருகிறேன். டெம்ப்ளர் விதிகளில் இரண்டு பெரிய தண்டனைகள் உண்டு. முதலாவது ‘வீட்டை இழத்தல்’, அதாவது சபையிலிருந்து நிரந்தர நீக்கம். நீக்கப்பட்டவன் இதைவிடக் கடுமையான வேறொரு மடத்தில் சேர்ந்து எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டும். இரண்டாவது ‘அங்கியை இழத்தல்’. ஓர் ஆண்டும் ஒரு நாளும் வரை வெள்ளை மேலங்கி இல்லாமல், தரையில் உட்கார்ந்து உண்டு, அடிமைகளோடு வேலை செய்து கழிக்க வேண்டும். பெண்ணோடு படுத்தவனுக்கு என்ன தண்டனை என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவதுதான். விலங்கு பூட்டலாம். பிறகு வாழ்நாள் முழுவதும் சபையின் கொடியை அவன் ஏந்தக் கூடாது, முத்திரையைக் கையாளக் கூடாது, தலைவர் தேர்தலில் பங்கெடுக்கக் கூடாது. ஆனால் சபைக்குள் இருக்கலாம். போர்க்களத்தில் கொடி பறந்துகொண்டிருக்கும்போது புறமுதுகிட்டு ஓடியவனுக்கும், சபைக்கூட்டத்தின் ரகசியத்தை வெளியிட்டவனுக்கும், காசு கொடுத்துச் சபையில் நுழைந்தவனுக்கும் முதல் தண்டனை. இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. பெண்ணோடு தவறியவனை மன்னித்து வைத்துக்கொள்ள முடிந்தது. களத்தில் தோழனைக் கைவிட்டவனை முடியவில்லை.

ஆணோடு ஆண் உறவு கொள்வதை மட்டும் விதி ‘வீட்டை இழத்தல்’ வரிசையில் வைத்தது. யாத்திரிகர் கோட்டை என்று அழைக்கப்பட்ட அத்லித் கோட்டையில் பிடிபட்ட மூன்று சகோதரர்களின் கதையை விதிநூலே முன்மாதிரி வழக்காக எழுதி வைத்திருக்கிறது. ஒருவர் இரவோடு இரவாகத் தப்பி முஸ்லிம்கள் பக்கம் போய்விட்டார், மற்றொருவர் தப்பும் முயற்சியில் இறந்தார், மூன்றாமவர் நெடுங்காலம் சிறையில் கிடந்தார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. குடும்பத்தைத் துறந்து, கடல் கடந்து வந்த மூன்று மனிதர்களின் முடிவு அது.

மருத்துவமனையில் தொடங்கிய ஹாஸ்பிட்டலர் சபையின் அணுகுமுறை சற்று வேறு. அதன் தலைவர் ரெய்மோன் து புய் வகுத்த விதிகளில் சகோதரர்களின் தலையையோ காலையையோ பெண்கள் கழுவக் கூடாது, படுக்கை விரிக்கக் கூடாது என்று இருக்கிறது. யாரேனும் தவறினால், அது மறைவாக இருக்கும்வரை மறைவான தவம் போதும். ஊரறிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறியபின் அடித்து, சபையிலிருந்து விலக்க வேண்டும். மனந்திரும்பினால் மீண்டும் சேர்க்கலாம். பாவத்தைவிட அவப்பெயருக்கு அதிகம் அஞ்சியிருக்கிறார்கள். நன்கொடையில் உயிர்வாழும் மருத்துவமனைக்கு அந்த அச்சம் இயல்பானதே. இவர்கள் பெண்களைத் தடுக்கவும் இல்லை. 1188இல் அரகோன் நாட்டு அரசி சாஞ்சா நிறுவிய சிஹேனா மடம் ஹாஸ்பிட்டலர் சகோதரிகளின் பெரும் இல்லமாக விளங்கியது. ஜெர்மானிய வீரர்களின் டியூட்டானிக் சபையோ, நோயாளிகளையும் கால்நடைகளையும் பராமரிக்கப் பெண்களைப் பாதி உறுப்பினர்களாகச் சேர்த்து, தங்குமிடத்தை மட்டும் தள்ளி வைத்தது. கற்பு, கீழ்ப்படிதல், ஏழ்மை ஆகிய மூன்றிலிருந்து எவரையும் விடுவிக்கச் சபைத் தலைவருக்கே அதிகாரம் இல்லை என்று அதன் விதி அழுத்திச் சொல்கிறது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் சாந்தியாகோ சபைதான் நான் முன்பு சொன்ன விதிவிலக்கு. 1170இல் லெயோன் அரசர் இரண்டாம் பெர்னாண்டோவின் ஆதரவோடு காசெரெஸ் நகரைக் காக்கத் தொடங்கிய இந்தச் சபையில் மணமான வீரர்கள் முழு உறுப்பினர்களாக இருந்தார்கள். 1175இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் அதை அங்கீகரித்தார். அடக்கி வாழ முடியாதவர்கள் மணம் செய்துகொள்ளட்டும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுதான் அடிப்படை. இவர்களும் கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஆனால் அது இல்லறக் கற்பு: மனைவியைத் தவிர வேறொரு பெண் இல்லை, தவக்காலத்திலும் பெரிய திருநாள்களை ஒட்டியும் மனைவியோடும் உறவு இல்லை. மனைவியரும் சபையின் உறுப்பினர்களே. கணவன் போருக்குப் போகும்போதும் நோன்புக் காலத்திலும் அவர்கள் சபையின் மடங்களில் தங்கலாம். விதவையானால் அங்கேயே நிலைத்துவிடலாம்; மறுமணம் வேண்டுமானால் தலைவரிடம் அனுமதி பெற்றுச் செய்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எனக்கு மனிதத்தன்மை மிக்கதாகத் தெரிகிறது. எல்லைப்புறத்தில் குடியேறி, நிலத்தை உழுது, பகைவனைத் தடுத்து நிற்க வேண்டிய நாட்டில் குடும்பங்கள் தேவைப்பட்டன. கடல் கடந்து போன டெம்ப்ளருக்கு வீடு பின்னால் இருந்தது; சாந்தியாகோ வீரனுக்கு வீடே போர்முனையில் இருந்தது. அதனால் கற்பு என்ற சொல்லின் இன்னொரு முகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1474இல் இந்தச் சபையின் தலைவரான ரோட்ரிகோ மன்ரிக்கே மூன்று முறை மணம் புரிந்தவர். அவருடைய மகன்தான் ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஹோர்ஹே மன்ரிக்கே. அவரும் அதே சபையின் வீரர்.

அருகிலேயே 1158இல் பிறந்த கலட்ராவா சபை இதற்கு நேர் எதிர். சிஸ்டெர்சியன் துறவிகளின் வழிநின்று, முழுப் பிரம்மச்சரியம் கேட்டது. அந்தச் சபையின் தலைவர் பெட்ரோ ஹிரோனின் கதை, இந்த வார்த்தைப்பாடு எதைக் காத்தது என்பதை எந்த விளக்கத்தையும்விட நன்றாகக் காட்டும். அவர் கற்பு வாக்குக் கொடுத்தவர். ஆனாலும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். 1466இல் காஸ்டில் அரசர் நான்காம் என்ரிக்கே, கலகக்காரப் பிரபுக்களைச் சமாதானப்படுத்த, தம் தங்கை இசபெல்லாவை ஹிரோனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். அவரை வாக்கிலிருந்து விடுவிக்கும் அனுமதி ரோமிலிருந்து கிடைத்தது. பெண்ணுக்கு அப்போது வயது 15. இந்தத் திருமணம் நடக்காதிருக்க அவள் இரவும் பகலும் கண்ணீரோடு ஜெபித்தாள் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். படையோடு மணப்பெண்ணைக் கொண்டுவரப் புறப்பட்ட ஹிரோன் வழியிலேயே நோயுற்று இறந்தார். அந்தச் சிறுமிதான் பிற்பாடு கொலம்பஸை அனுப்பிய அரசி இசபெல்லா.

ஆனால் கதையில் நான் சுட்ட விரும்பும் இடம் திருமணம் அல்ல. ஹிரோன் இறக்குமுன் தம் மகன் ரோட்ரிகோவைத் தமக்குப் பின் கலட்ராவாவின் தலைவராக்க ஏற்பாடு செய்துவிட்டார். பையன் அப்போது சிறுவன். இன்னொரு மகன் வழியாக ஒசுனா பிரபுக்களின் பெருங்குடும்பம் கிளைத்தது. வீரர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டிய பதவியும், ஏழைத் துறவிகளுக்கென்று மக்கள் கொடுத்த நிலமும் அப்பனிடமிருந்து மகனுக்கு என்றாகிவிட்டன. வார்த்தைப்பாட்டின் மூன்று கால்களில் ஒன்று முறிந்தால் மற்ற இரண்டும் நிற்பதில்லை. பிள்ளை பெற்றவனால் ஏழையாக இருக்க முடியவில்லை. வம்சத்தை நிறுத்த நினைத்தவனால் கீழ்ப்படியவும் முடியவில்லை.

பிறகு ரோமே விட்டுக்கொடுத்தது. 1496இல் போர்ச்சுகலின் அவிஸ், கிறிஸ்து ஆகிய சபைகளின் வீரர்களுக்கும், 1540இல் கலட்ராவா, அல்கந்தாரா வீரர்களுக்கும் திருமண அனுமதி கிடைத்தது. கிறிஸ்து சபை என்பது, டெம்ப்ளர் சபை கலைக்கப்பட்டபின் அதன் போர்ச்சுகல் சொத்துகளைக் கொண்டு 1319இல் உருவானது. 1498இல் கோழிக்கோட்டின் அருகே வந்து சேர்ந்த கப்பல்களின் பாய்களில் இருந்த சிவப்புச் சிலுவை இந்தச் சபையுடையதே. வாஸ்கோ ட காமா முதலில் சாந்தியாகோ வீரர், பின்னர் கிறிஸ்து சபைக்கு மாறியவர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். இரண்டு சபைகளிலும் அதற்குத் தடை இல்லாத காலம் அது.

சரி, கடைப்பிடித்தார்களா? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் புனித பூமியில் டெம்ப்ளர்களைக் கடுமையாகச் சாடியவர்கள் இருந்தார்கள். தீர் நகரப் பேராயர் வில்லியம் அவர்களில் முக்கியமானவர். அந்தக் குறைகூறல்களில் மிகுந்து ஒலிப்பவை அகந்தை, பேராசை, ஆயர்களுக்குக் கட்டுப்படாமை. பெண்பித்து அபூர்வமாகவே வருகிறது. பகைவர்களே சொல்லாத குற்றத்தை நாம் சுமத்த வேண்டியதில்லை. 1307 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் அவர்களைக் கைது செய்தபோது வைத்த குற்றச்சாட்டுகளில் ஓரினச்சேர்க்கையும் ஆபாச முத்தங்களும் இருந்தன. சித்திரவதையின் நிழலில் பிரான்சில் பலர் பலவற்றை ஒப்புக்கொண்டார்கள். சபைத் தலைவர் ழாக் தெ மொலே கிறிஸ்துவை மறுதலித்ததாக ஒப்புக்கொண்டபோதும், உடல் சார்ந்த குற்றச்சாட்டை ஏற்கவில்லை. சித்திரவதை அரிதாக இருந்த இடங்களில், குறிப்பாக 1310இல் சைப்ரஸில் நடந்த விசாரணையில், எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியாட்களும் அவர்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டுகளை நான் நம்பவில்லை. தவறியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்காகத்தான் விதிநூலில் தண்டனைகள். ஆனால் சபையே வாக்கைக் கேலிக்கூத்தாக்கியது என்பது, அதன் செல்வத்தின்மேல் கண்வைத்த அரசரின் வழக்கறிஞர்கள் சொன்ன கதை.

டியூட்டானிக் சபையின் விதியை நினைவில் வைக்கச் சொன்னேன். 1523இல் மார்ட்டின் லூதர் அந்தச் சபை வீரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: பொய்யான கற்பை விடுங்கள், உண்மையான இல்லறக் கற்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுபடியும் அதே சொல், அதே இரு முகங்கள். எவரையும் விடுவிக்க அதிகாரம் இல்லாத தலைவர் ஆல்பிரெக்ட், 1525இல் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டார். லூதரின் பக்கம் சேர்ந்து, கிராக்கோவில் போலந்து அரசர் முன் மண்டியிட்டு, சபை ஆண்ட பிரஷ்யாவைத் தம் குடும்பத்துக்குரிய கோமகன் நாடாகப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே டென்மார்க் அரசரின் மகள் டொரோத்தியாவை மணந்தார். 1561இல் பால்டிக் கடலோரம் இருந்த லிவோனியாக் கிளையின் கடைசித் தலைவர் கெட்லரும் இதே வழியில் கூர்லாந்தின் கோமகன் ஆனார்; சில ஆண்டுகளில் அவருக்கும் திருமணம் ஆயிற்று. ஆல்பிரெக்டின் மகனுக்குப் பிறகு 1618இல் பிரஷ்யா பிராண்டன்பர்க் ஹோஹென்சோலர்ன் குடும்பத்துக்குப் போனது. பிற்காலப் பிரஷ்ய அரசு அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஹாஸ்பிட்டலர் சபை இன்று மால்டா சபை என்ற பெயரில் ரோமைத் தலைமையிடமாகக் கொண்டு மருத்துவப் பணி செய்கிறது. அதன் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களில் பெரும்பாலோர் குடும்பத்தினர். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் ஏற்று முழு வார்த்தைப்பாடு கொடுக்கும் வீரர்கள் ஒரு சிறு தொகையினர் இன்னும் இருக்கிறார்கள்.